நாலு பத்துக்கும் இரண்டு எழுபத்துமூன்றுக்கும் நடுவே

எங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்க அருள்நாயகம் அண்ணை வந்தபோது, சண்டை எதைப் பற்றியது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவும் இல்லை.

சண்டை ஒரு பல்சக்கரத்தைப் பற்றியது. 1994ஆம் ஆண்டு கோடை. ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு அபார்ட்மென்ற்றின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கொறோலாவை விற்றுவிட்டு, என் கணவர் இராஜரட்ணம் 69ஆம் ஆண்டுப் போமொன்ற் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். எட்டுச் சிலிண்டர், இரண்டே கதவு, கடும் நீலம். ஓட்ட ஒரு ஆள், தள்ள இரண்டு ஆள் என்று நான் சொல்வேன். அவருக்குக் கோபம் வரும்.

அந்தக் காரின் பின்னச்சு ஊளையிடத் தொடங்கியது. உள்ளே பல்லுத் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். மாற்றுங்கள் என்றேன். எந்தப் பல்லைப் போடுவது என்பதில்தான் பிரச்சினை வந்தது.

எஞ்சினில் இருந்து பின்னுக்கு வரும் தண்டு எத்தனை தரம் சுற்றினால் பின்சில்லு ஒருதரம் சுற்றும் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. காரோடு வந்தது இரண்டு எழுபத்துமூன்று. அந்த எண்ணோடு கார் சோம்பேறித்தனமாகக் கிளம்பும், ஆனால் ஹைவேயில் ஏறினால் சத்தமில்லாமல் எவ்வளவு தூரமும் போகும். என் கணவருக்கு வேண்டியது நாலு பத்து. அதைப் போட்டால் சிக்னலில் இருந்து கார் பாய்ந்து கிளம்பும். ஹைவேயில் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், பெற்றோலைக் குடிக்கும். கயூகாவில் கார்களை இரண்டிரண்டாக நிறுத்திக் கால் மைல் ஓடவிடும் திடல் ஒன்று இருக்கிறது. பிறம்ரன் வெயர்ஹவுஸில் அவரோடு வேலை செய்யும் ஒருவனிடம் மஸ்ராங் இருந்தது. அந்த மஸ்ராங்கின் பின்பக்கத்தை என் கணவர் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துவிட்டு வந்திருந்தார். நாலு பத்தின் அவசியம் அவ்வளவுதான்.

எனக்குத் தேவை மொன்றியலின் மிறபெல் விமான நிலையம்.

துர்க்கா என் ஒரே தங்கை. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றவள். மொன்றியலில் இருந்த ஜனார்த்தன் என்பவருக்கு அவளைப் பேசியிருந்தோம். படம் போனது, படம் வந்தது. கொழும்பில் அவள் தங்கியிருந்த லொட்ஜின் மனேச்சர் பக்கத்தில் நின்று நேரம் பார்க்க, இரண்டு மூன்று தரம் போனில் கதைத்தார்கள். என்ன கதைத்தாய் என்று கேட்டால், காலநிலை என்றாள். வந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. கடைசியாக என்னோடு கதைத்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, கதவாலை வெளியிலை வரேக்கை முதல்லை உங்கடை முகத்தைத்தான் நான் பாக்கோணும். அவரின்ரை முகத்தை இல்லை."

"பாப்பாய்," என்றேன். நான் ஒன்றைச் சொன்னால் அது நடக்க வேண்டும். நடக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஆகவே எனக்கு அந்தக் கார் மொன்றியல்வரை கத்தாமல், கொதிக்காமல், வழியில் நிற்காமல் போய்ச் சேர வேண்டும். இருந்த பல்லையே திரும்பப் போடுங்கள் என்றேன். ஒரு கிழமை இரண்டு பேரும் கதைக்கவில்லை. பிறகு நான்தான் அருள்நாயகம் அண்ணைக்குப் போன் பண்ணினேன்.

எங்கள் ஆட்களுக்குள் எந்த இழுபறிக்கும் அவரைத்தான் கூப்பிடுவது. சீட்டுப் பிரச்சினை, பேஸ்மென்ற் வாடகை, சீதனம் எல்லாவற்றுக்கும் வருவார். துர்க்காவின் கலியாணத்தைப் பேசியதும் அவர்தான். காரின் பொனற்றை அவர் வாழ்க்கையில் திறந்ததில்லை. தேத்தண்ணியையும் றோல்ஸையும் முன்னால் வைத்தேன். றோல்ஸை முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"சரி. தம்பி எவ்வளவு கேக்கிறார்?"

"நாலு பத்து, அண்ணை," என்றார் என் கணவர்.

"தங்கச்சி எவ்வளவிலை நிக்கிறா?"

"ரெண்டு எழுபத்திமூண்டு," என்றேன்.

"ஆயிரத்திலையோ?"

"இல்லை அண்ணை. வெறும் நாலு பத்து."

"சின்ன விசயம்தானே," என்றார். எங்கள் வீட்டுக் கல்குலேற்றரை வாங்கி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார். "மூண்டு நாப்பத்தொண்டரை வருது. மூண்டரை எண்டு முடிப்பம். ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை."

"அண்ணை, இதுக்கு மூண்டரை எண்டு ஒரு பல்லு இல்லை. மூண்டு நாப்பத்திரண்டு இருக்கு," என்றார் இவர்.

"இருக்கெல்லே. பிறகென்ன."

என் கணவர் உடனே தலையாட்டினார். சீதனப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் முதல் தொகைக்கே ஒப்புக்கொண்டால் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வருமே, அந்தச் சந்தேகம் எனக்கு வந்தது. ஆனாலும் பெரியவர் ஒருவர் வந்து தீர்த்த விசயம். அதற்குமேல் வாயைத் திறந்தால் நான்தான் அடங்காதவள்.

இரண்டு கிழமை கழித்து, நண்பன் ஒருவனின் கராஜில் இவரே பல்லை மாற்றினார். கார் ஊளையிடுவதை நிறுத்தியது. "மூண்டு நாப்பத்திரண்டோ?" என்று கேட்டேன். "ஓம்," என்றார். ஓம் என்று சொல்லும்போது கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். கை ஏற்கெனவே துப்பரவாக இருந்தது.

துர்க்கா வந்து இறங்கும் சனிக்கிழமை. இவர் இரவு வேலை முடித்து வந்து சற்றுக் கண்ணயர்ந்து எழும்ப, பத்து மணிக்குத்தான் வெளிக்கிட முடிந்தது. வழக்கமாக ஆறரை மணித்தியால ஓட்டம். பிளேன் நாலு மணிக்கு இறங்கும், அவள் பெட்டி எடுத்து வெளியே வர ஐந்தாகும். போதும் என்று கணக்குப் போட்டேன்.

401 ஹைவேயில் ஏறினோம். கார் அமைதியாக ஓடியது. வேகம் காட்டும் முள் அறுபத்தைந்தில் நின்றது. பழைய கார் என்பதால் முள் மைலில் காட்டும். அறுபத்தைந்து மைல் என்றால் நூறு கிலோமீற்றருக்கு மேல்.

"பாத்தீரோ, சத்தமே இல்லை," என்றார். குரலில் பெருமை இருந்தது. அருள்நாயகம் அண்ணையைப் பற்றி நான் மனதுக்குள் நல்லதாக நினைத்தேன்.

ஆனால் எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். கார்கள் போயின, வான்கள் போயின. படகை இழுத்துக்கொண்டு ஒரு குடும்பம் போனது, பின்சீற்றில் இருந்த பிள்ளைகள் எங்களுக்குக் கை காட்டினார்கள். பாதி வீட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லொறி போனது.

"என்னப்பா, வீடும் போகுது," என்றேன்.

"லோங் வீக்கெண்ட். எல்லாருக்கும் விசர். எனக்கு இன்னொரு ரிக்கெற் வந்தா லைசென்ஸைப் பிடுங்கிப்போடுவாங்கள். நான் அறுபத்தைஞ்சுக்கு மேலை போகமாட்டன்."

முள்ளைப் பார்த்தேன். அறுபத்தைந்து. குறை சொல்ல இடமில்லை. ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டிய கிங்ஸ்ரன் இரண்டு மணி தாண்டித்தான் வந்தது. அடுத்த ஊரான பிறொக்வில் வருவதாகவே இல்லை. கொஞ்சம் மிதியுங்கோ என்றேன். இவர் முள்ளைக் காட்டினார். ரொறன்ரோவும் மொன்றியலும் ஒன்றை விட்டு ஒன்று தள்ளிப் போய்விட்டதுபோல இருந்தது.

கோர்ன்வோலுக்குக் கிட்ட பொலிஸ் கார் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தது. இவர் காரை ஓரம்கட்டினார். முகம் செத்துப்போயிருந்தது. பொலிஸ்காரர் வருவதற்கு முன்பே லைசென்ஸை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

பொலிஸ்காரர் வயதானவர், மரியாதையானவர். காருக்கு ஏதும் சுகமில்லையா என்று கேட்டார். இல்லை என்றோம். உங்களுக்கு ஏதும் சுகமில்லையா என்று இவரைக் கேட்டார். இல்லை என்றார். எழுபது கிலோமீற்றரில் போகிறீர்கள், பின்னால் வருகிறவர்களுக்கு ஆபத்து என்று முறைப்பாடு வந்திருக்கிறது என்றார். நூறில் போனேன் என்றார் இவர். பொலிஸ்காரர் தன் ராடர் கருவியைக் கொண்டுவந்து காட்டினார். எழுபது. பிறகு நல்ல கார் என்று பாராட்டிவிட்டுப் போனார். ரிக்கெற் தரவில்லை.

நாங்கள் ஓரத்திலேயே இருந்தோம்.

"பல்லு மாத்தினா முள்ளு பிழையாக் காட்டுமோ?" என்று கேட்டேன்.

"ஓம். முள்ளுக்கும் ஒரு சின்னப் பல்லு இருக்கு. அதையும் மாத்தோணும். மறந்துபோனன்."

"மூண்டு நாப்பத்திரண்டு போட்டா இவ்வளவு பிழைக்குமோ?"

எனக்குக் கணக்கு வரும். முள் காட்டியது கிலோமீற்றரில் நூற்றைந்து, போனது எழுபது. ஒன்றரை மடங்கு. பழைய பல்லுக்குச் சரியாகக் காட்டிய முள் இப்போது ஒன்றரை மடங்கு காட்டுகிறது என்றால், புதுப் பல்லு பழையதைப்போல ஒன்றரை மடங்கு. இரண்டு எழுபத்துமூன்றும், அதில் பாதியும்.

"நாலு பத்து," என்றேன்.

"இவ்வளவு பிழைக்கும் எண்டு நான் நினைக்கேல்லை," என்றார். மன்னிப்பென்று அன்று என் கைக்கு வந்தது அவ்வளவுதான்.

"பிளேன் இறங்கியிட்டுது. ஓடுங்கோ."

ஓடினார். முள் தொண்ணூறைத் தாண்டியதும்தான் உண்மையான நூறு கிலோமீற்றர் வந்தது. அப்போதுதான் நாலு பத்து தன் சுயரூபத்தைக் காட்டியது. எஞ்சின் கத்தியது. கண்ணாடி அதிர்ந்தது. மடியில் வைத்திருந்த பூமாலை டப்பா நடுங்கியது. நான் அவரைத் திட்டத் தொடங்கினேன். ஊரில் அடைத்து வைத்திருந்தது, கொறோலாவுக்காக அடைத்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. ஒரு சொல்லும் அவருக்குக் கேட்கவில்லை. சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். கியூபெக் எல்லை தாண்டியபோது என் தொண்டை கட்டிவிட்டது. பெற்றோலுக்கு வேறு ஒருதரம் நிற்க வேண்டி வந்தது.

மிறபெல்லில் நான் ஓடிப் போனபோது ஏழு மணி. வெளியே வரும் கதவு மூடிக் கிடந்தது. அந்தப் பிளேனில் வந்த சனம் எல்லாம் போய் முடிந்திருந்தது. அங்கே ஒரு நீள வாங்கில் துர்க்கா இருந்தாள். பக்கத்தில், நடுவில் ஒரு பெட்டி வைக்கும் இடம் விட்டு, படத்தில் இருந்ததைவிட முடி குறைந்த ஒருவர். அந்த இடத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் போட்ட காகிதப் பேணி ஒன்று இருந்தது. துர்க்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கையை வைத்து, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

அவள் என்னைக் கண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். நான் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அதுதான். மறுபாதி, அவள் முதலில் பார்த்த முகம் என்னுடையது இல்லை என்பது. அது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆளின் மொட்டையைக்கூட அந்த நிமிடத்தில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனார்த்தன் எழுந்து நின்றார். "வணக்கம், அக்கா. பயணம் சுகமோ?" என்றார். அவருடைய ஆட்கள் எல்லோரும் அவர் பெரியம்மாவின் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கலியாணம்வரை துர்க்கா அங்கேதான் தங்குவதாக ஏற்பாடு. தனியாக வந்தவர் தனியாகவே காத்திருந்திருக்கிறார்.

முகம் கழுவ வேண்டும் என்று துர்க்கா என்னை வோஷ்றூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் பிளேனுக்குள்ளை ஒரு முடிவெடுத்தனான். உங்களைக் கண்டவுடனை சொல்லுறதெண்டு. எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம், என்னை உங்களோடை கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு."

"இப்ப சொல்லு," என்றேன். "வெளியிலை கார் நிக்குது. விசாவை என்னவாவது செய்வம்."

"நீங்கள் நேரத்துக்கு வரேல்லை," என்றாள். "நான் பயந்து அழுதுகொண்டு நிண்டன். அவர் கிட்ட வரேல்லை. தள்ளி இருந்துகொண்டு, அக்கா வருமட்டும் இருப்பம், அதுமட்டும் நீர் என்னோடை கதைக்கத் தேவையில்லை எண்டார். பொரியல் மட்டும் வாங்கி வைச்சார். முதல் அரை மணித்தியாலம் நான் கதைக்கேல்லை. பிறகு நான்தான் கதைச்சன்." முகத்தைத் துடைத்தாள். "இப்ப வேண்டும், அக்கா."

எங்கள் ஆட்களில் பேசிச் செய்த எந்த இரண்டு பேருக்கும், கலியாணத்துக்கு முன், ஒரு சொந்தமும் பக்கத்தில் இல்லாமல் இரண்டு மணித்தியாலம் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. எனக்குக் கிடைக்கவில்லை. நான் ஐந்து மணிக்கு அந்தக் கதவடியில் நின்றிருந்தால் அவள் கேட்டிருப்பாள். நான் ஒரு கேள்வியும் கேட்காமல் அவளைக் காரில் ஏற்றியிருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அடுத்த நாள் பின்னேரம் நாங்கள் திரும்பினோம். இவர் பயந்துபோய் இருந்தார். வழியில் சாப்பிட நிறுத்தியபோதுதான் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்டது.

"அடுத்த கிழமை உதைக் கழட்டிப்போட்டுப் பழையதைப் போடுறன்," என்றார்.

"கிடக்கட்டும்," என்றேன். "முள்ளின்ரை பல்லை மட்டும் மாத்துங்கோ."

சான்ட்விச்சைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "துர்க்கா என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

"உங்கடை காரைப் பற்றித்தான் சொன்னவள். நல்ல கார் எண்டு."

அவர் நம்பினார். கிங்ஸ்ரன் வரும்வரை கார் கத்திய கத்தலையும் மீறி அவர் பாடிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது.