அறுபத்து மூன்று காலிக் கட்டங்கள்

நவமணிக்கு அந்தக் கட்டளை ரொம்பப் பிடித்துப்போனது. கறுப்புத் திரையில் ‘ஸ்டாட்’ என்று தட்டி எண்டரை அழுத்தினால் போதும். கம்பெனியின் ரப்பர் தோட்டத் தொழிலாளர் விவரம் மொத்தமும் பச்சை எழுத்தில் கணக்காக இறங்கும். எத்தனை பேர், எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது, எது காலி, எல்லாம்! ஈப்போவிலிருந்த அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே அந்த வருடம், எண்பத்தேழில்தான். பழைய அட்டைகளைப் பார்த்து எல்லாவற்றையும் ஏற்றியவள் அவள். முடித்த பிறகும் ஒரு வரி மட்டும் உறுத்தியது.

பிறந்த தேதி: காலி 63.

அட்டைகளிலேயே அந்த இடம் வெறுமைதான். தோட்டத்துக் கணக்கெழுதும் பழைய கிராணிகள் கேட்டபோது ‘ஜப்பான்காரன் வந்த வருசம்’, ‘பெரிய வெள்ளத்துக்கு அடுத்த தீவாளி’ என்று ஆட்கள் சொல்லியிருப்பார்கள். அதை எந்தத் தேதியாக எழுதுவது என்று அவர்களும் விட்டிருப்பார்கள். தோட்டத்தில் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும், அந்த ஐ.சி.யை, வாங்கிப் பார்த்திருக்கலாம். அதே தோட்டத்து லயத்து வீட்டிலிருந்துதான் அவள் தினமும் கோப்பெங் பஸ் பிடித்து வேலைக்கு வருகிறாள். ஆனால் மேனேஜர் குமரப்பன் மறுநாளே பங்குதாரர்களைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டார். காலியான கட்டத்திலெல்லாம் 1-1-1930 என்று போடும்படி ஒரே வரி தட்டினாள். பிறகு ஸ்டாட்.

பிறந்த தேதி: காலி 0.

“ஒரு காலிகூட இல்லியா? கெட்டிக்காரி லா நீ,” என்றார் குமரப்பன். பங்குதாரர்கள் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். செய்யவில்லை.

பிறகு தோட்டத்தின் ஒரு பாதி விலைபோனது. ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களை முதலில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. அவர்களின் பெயர்களை அச்சடிக்கச் சொல்லிவிட்டு குமரப்பன் பக்கத்திலேயே நின்றார். பிரிண்டர் கிறீச்சிட்டுக் கக்கிக்கொண்டே இருந்தது. நடுவில் செல்லாயி என்று விழுந்தபோதுதான் நவமணிக்குத் தான் போட்ட 1930 நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா. அம்மாவுக்கு அடுத்த நிரையில் மரம் சீவுகிறவள்.

“கிராணி ஒரு வாரம் உக்காந்து எழுதுவாரு. பாத்தியா, எவ்ளோ சீக்கிரம்!” குமரப்பன் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். அவள் பிரிண்டரை அணைத்தாள்.

சனிக்கிழமை செல்லாயி கையில் கம்பெனிக் கடிதத்தோடு தேடிக்கொண்டு வந்தாள்.

“மணி, எனக்குச் சூராத்து வந்திருக்கு, பாத்தியா? வேலயும் இல்லியாம், வீட்டையும் விடணுமாம். பையன் பரீட்ச எழுதுறான், இப்ப எங்க போறது?”

“ஐ.சி.ய காட்டலாம்ல அக்கா?”

“காட்டுனேனே. பொறந்த வருசம் நாப்பத்திரெண்டுன்னுதான் போட்டிருக்கு. கிராணி சிரிக்கிறாரு. ஐ.சி.ல தப்பா எழுதிருப்பான், கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்கிறாரு.” செல்லாயி குரலைத் தாழ்த்தினாள். “ஜப்பான்காரன் வந்தப்ப நான் வயித்துல இருந்தேன்னு எங்கம்மா சாகுறவரைக்கும் சொல்லிச்சு. அது ஏம்மா பொய் சொல்லணும்? ஒனக்குத்தான் அந்த மிசினப் பத்தித் தெரியுமே.”

நவமணி கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை குமரப்பனின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், அந்த வயசெல்லாம் நான் சும்மா போட்டது.”

அவருக்குப் புரிய நேரமெடுத்தது. புரிந்ததும் கதவைச் சாத்தினார். “லிஸ்ட் அடிக்கிறப்ப தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்ப வாயில என்ன, கொழுக்கட்டையா?” கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். “சரி. யாரு, செல்லாயியா? அவளுக்கு மட்டும் மாத்திரு. மத்தவங்களுக்குச் சூராத்து போயாச்சு லா. வெளிய தெரிஞ்சா எனக்கும் அசிங்கம், ஒனக்கும் வேல போயிரும்.”

செல்லாயிக்கு மட்டும். ஒரு வரி தட்டினால் போதும். அக்கா லயத்திலேயே இருப்பாள், அவளும் ஆபீசிலேயே இருக்கலாம். நவமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். 1-1-1930 என்று இருந்ததையெல்லாம் ஒட்டுமொத்தமாக அழித்தாள். ஸ்டாட் அடித்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். குமரப்பன் அந்த அறுபத்து மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திமிருடி ஒனக்கு,” என்றார். பிறகு, “நீயே போயி அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு. சொல்லிட்டு ஐ.சி.ய பாத்து எழுதிட்டு வா. ஒன் வேலயப் பத்தி அப்புறம் பேசலாம்.”

மறுநாள் விடியலில் பெரட்டு. பேர் கூப்பிட ஆட்கள் கூடும் அந்தக் களத்தில் வாளிகளும் கத்திகளுமாக எல்லாரும் நின்றார்கள். நவமணி சொன்னாள். யாரும் திட்டவில்லை.

முன்னால் நின்ற வீரம்மாதான் கேட்டாள். “கம்ப்யூட்டர் இல்லியா? நீயா போட்ட?”

“நாந்தான் அக்கா.”

“எங்க லயத்துப் புள்ளயா இருந்துகிட்டு!”

ஐ.சி.களை வாங்கி எழுத ஆரம்பித்தாள். செல்லாயி தன் முறை வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐ.சி.யை எடுத்து நீட்டினாள். நவமணி நிமிர்ந்து பார்த்தாள். செல்லாயி அவள் முகத்தைப் பார்க்காமல் மரங்களின் பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

“எழுதிக்குங்க, கிராணியம்மா.”