கமுக்கட்டுக் கறை

மாக்ரெட் அந்த நீலச் சட்டையைப் பங்குத்தந்தையின் அறைவீட்டு மேசைமேல் விரித்தாள். ஒரு கிழமை வியர்வையின் நெடி எழுந்தது. பங்குச் சபைச் செயலாளர் பேதுரு கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்ன பிள்ளை இது? சுவாமியின்ர மேசை, லோன்றி இல்ல.”

“நிக்கலஸ் உயிரோட இருக்கிறதுக்கு அத்தாட்சி கேட்டியள், அண்ணை. இதுதான்.”

அவளருகே நிக்கலஸின் மனைவி பிறிஜெற் நின்றாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதத்தில், நகரில் குண்டு வெடித்த மறுகிழமை, கொட்டாஞ்சேனைச் சுற்றிவளைப்பில் படையினர் அவள் கணவனைக் கொண்டுபோனார்கள். துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கயிறு அறுந்து சுமை விழுந்து இடக்கால் சிதைந்த நாள்முதல் ஊன்றுகட்டையோடு நடந்தவன். எந்த வாசலில் கேட்டாலும், அப்படி ஒருவனைப் பிடிக்கவில்லை என்றார்கள். இன்று வெள்ளி. முகாம்களைப் பார்வையிடும் வெளிநாட்டுச் சங்கத்தார் கொள்ளுப்பிட்டியில் பெயர்ப்பட்டியலை மாலை நான்கு மணிக்கு மூடுகிறார்கள். பங்குத்தந்தையின் கடிதம் இருந்தால்தான் பெயர் ஏறும். ஏறாத பெயரை உள்ளே எவரும் கேட்கமாட்டார்கள்.

“சட்டை எப்பிடி உங்கட கையில வந்தது?”

“தெமட்டகொடை முகாமில அடைச்சு வச்சிருக்கிற எங்கட குடியிருப்புத் தோட்டத்துப் பெடியளுக்கு வியாழன்தோறும் நாங்கள் பொம்பிளையள் சோத்துப் பார்சல் கொண்டுபோறம் எண்டு தெரியும்தானே. ஆக்களைப் பாக்க விடமாட்டாங்கள். பார்சலை வாங்கிக்கொண்டு அழுக்குத்துணிப் பையைத் தருவாங்கள். தோய்ச்சு மற்ற வியாழன் குடுப்பம். சங்கிலி எண்ட பெடியன்ர பைக்குள்ள இது வந்தது. நிக்கலஸ் பிடிபட முந்தி இந்த ஒட்டுப் போட்டது நான்.”

“சட்டையைச் சங்கிலி போட்டிருப்பான். இல்லாட்டிச் செத்தவன்ர சட்டையை ஆரோ எடுத்திருப்பான்.”

“இடப்பக்கக் கமுக்கட்டைப் பாருங்கோ. கட்டையின்ர ரப்பர் பிரண்ட கறுப்பு. நான் வெளுத்துக் குடுக்கிறன், அடுத்த கிழமை கறுத்து வருது. மூண்டு தரம். செத்தவனுக்கு வியர்க்குமா, அண்ணை?”

பேதுரு குனிந்து பார்த்தார், தொடவில்லை.

“போன வரியம் ஒரு தாய் அழுதாள் எண்டு கடிதம் குடுத்தம். மகன் மன்னாரில ஒரு பெட்டையோட குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். சுவாமிக்கு எவ்வளவு வெக்கம்! பொம்பிளையள் பாக்க விரும்பினதைத்தான் பாப்பினம். ஒரு ஆம்பிளை கண்ணால கண்டு சொல்லட்டும்.”

“ஆம்பிளையள் வாசலடிக்குப் போனா உள்ளுக்கல்லோ போட்டிடுவாங்கள்?” என்றாள் பிறிஜெற்.

“அப்ப கிட்ட நிண்டே பாக்கலாம்,” என்றாள் மாக்ரெட்.

சிரிப்பு வந்ததைப் பேதுரு இருமலாக்கினார். அவ்வேளை பங்குத்தந்தை உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டார், சட்டையைக் கண்டார், நெற்றியைத் தடவினார்.

“பேதுரு சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு, மகள்.”

மாக்ரெட்டின் காதில் அவருடைய உயிர்ப்புவிழா மறையுரை இன்னும் ஓயவில்லை. கடந்த ஞாயிறுதான் அவர் அதைச் சொன்னார். கலிலேயாவிலிருந்து தம் உடைமையால் ஊழியஞ்செய்து ஆண்டவரைப் பின்தொடர்ந்த மாதர். சீடர் சிதறிய பொழுதிலும் சிலுவையடி அகலாத மாதர். இருள் பிரியுமுன் பரிமளம் ஏந்திக் கல்லறை சென்றவர். கண்டதை வந்துரைத்தபோது பிதற்றலென்று தள்ளப்பட்டவர். அவர்தம் அன்பைக் குன்றா விளக்கென்றும் குலையா அரணென்றும் அவர் பாடியே காட்டினார். முதல் வாங்கில் உட்கார்ந்து அவள் அழுதாள். பிதற்றலென்று தள்ளியவர்களைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தைத்தது.

“உங்கட பேர் கொண்ட சீடர், பொம்பிளையள் சொன்னதும் கல்லறைக்கு ஓடினவர், அண்ணை,” என்றாள். “உள்ளுக்க துணி மட்டும்தான் கிடந்தது. எண்டாலும் ஓடினவர்.”

பேதுருவின் முகம் சிவந்தது. எழுந்து சப்பாத்தை மாட்டினார். “நான் போறன். ஒருத்தருக்கும் பயமில்லை எனக்கு.”

சுங்கத்தில் முப்பது வருடம் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. முச்சக்கரவண்டி பிடித்துப் போனார். பெண்கள் இருவரும் விறாந்தை வாங்கில் காத்திருந்தார்கள். பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது. பிறிஜெற் செபமாலையில் எந்த மணியில் நிற்கிறோம் என்பதை மறந்து மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டு மணிக்குப் பேதுரு திரும்பினார். முகத்தில் ஓர் அமைதி.

“முகாம் பெரியவர் வெளியில வந்து கதிரை போட்டு இருத்தினவர். குடிக்கப் பிளேன்ரீயும் தந்தவர். ‘கொர மினிஹெக் நே, மஹத்தயா’ எண்டார். நொண்டி ஒருத்தனும் இல்லையாம். நல்ல மனுசன்.”

“நீங்கள் உள்ளுக்குப் பாத்தனீங்களோ?”

“அப்பிடியெல்லாம் விடுவாங்களே? ஆனா முகத்தைப் பாத்தா எனக்குப் பொய் தெரியும்.”

“ரெண்டு மாசம் சோறு சுமந்தவளின்ர சொல் பொய். ஒரு பிளேன்ரீ தந்தவன்ர சொல் மெய். அப்பிடித்தானே?”

“வாய் காட்டாத, பிள்ளை.”

பங்குத்தந்தை சன்னலுக்கு வெளியே பார்த்தார். கடிதம் எழுதப்படவில்லை.

மாக்ரெட் சட்டையைச் சுருட்டிப் பையில் வைத்து, பிறிஜெற்றின் கையைப் பிடித்துப் பஸ் ஏறினாள். சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த சிப்பாய் நெடிதாங்காமல் தலையைத் திருப்பி, போ என்று கைகாட்டினான். கொள்ளுப்பிட்டி அலுவலகப் படியேறுகையில் நான்கு மணியாகப் பத்து நிமிடம் இருந்தது.

மேசையில் இருந்த பெண்ணின் பெயர் றமீலா. முக்காட்டைச் சரிசெய்தபடி நிமிர்ந்தாள்.

“கடிதம் எங்க?”

“கடிதம் இல்லை. சட்டை இருக்கு.”

மாக்ரெட் மீண்டும் எல்லாவற்றையும் சொன்னாள். இம்முறை குரல் உடைந்தது. அழுகையால் அன்று, அலுப்பால். றமீலா சட்டையை இரு கையாலும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்; கறுத்த இடத்தைப் பெருவிரலால் தேய்த்தாள்.

“எங்கட பெரியப்பாவும் கட்டை வச்சித்தான் நடக்குற. உம்மா எவ்வளவு உரசிக் கழுவினாலும் அடுத்த கிழமை இந்தக் கறுப்புத் திரும்ப வந்துரும்.” பேனையை எடுத்தாள். “பேரைச் சொல்லுங்க. சாட்சிக்கு நீங்க ஒப்பம் வைங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கொள்றேன்.”

மறுகிழமை சங்கத்தார் முகாமுக்குப் போனார்கள். ஊன்றுகட்டையோடு ஒருவன் எங்கே என்று பெயர்சொல்லிக் கேட்டார்கள். முகாமிலிருந்தோர் இல்லை என்றார்கள். பட்டியலைக் காட்டி மறுபடியும் கேட்க, களஞ்சியத்துப் பின்னறையிலிருந்து நிக்கலஸை நடத்திவந்தார்கள். அவனுக்கு ஒரு பதிவிலக்கம் கிடைத்தது. இலக்கம் பெற்றவனை இல்லையென்று இனிச் சொல்ல இயலாது. பிறிஜெற்றுக்கு மூன்று வரிக் கடிதம் வந்தது. தோய்த்த சட்டை ஒவ்வொரு தரமும் சங்கிலி கையால் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தான்.

ஞாயிறு பூசையில், நற்கருணைக்குப் பின் எல்லாரும் அமர்ந்திருக்க, பங்குத்தந்தை அறிவித்தலை வாசித்தார்.

“நம் சகோதரன் நிக்கலஸ் உயிருடன் இருப்பது உறுதியாயிற்று. தம் பாதுகாப்பையும் பாராது முகாம் வாசல்வரை சென்ற நம் செயலாளர் பேதுரு அவர்களுக்கும், பங்குச் சபைக்கும் நன்றி கூறுவோம்.”

பேதுரு தலைதாழ்த்தினார். மாக்ரெட் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தாள். அது பந்தல் வாடகையைப் பற்றியது.

அவள் எழுந்தாள்.

அக்கோவிலில் பின்னிருப்போர் முன்வாங்கைப் பார்த்தே எழுவதும் இருப்பதும் வழக்கம். மாக்ரெட் எழுந்ததும் இரண்டாம் வாங்கு எழுந்தது; மூன்றாவது எழுந்தது; முழந்தாட்பலகைகள் தடதடக்க ஆலயமே எழுந்துநின்றது. சனம் நிற்பதைக் கண்ட பாடகர் தலைவர், தாம் எதையோ தவறவிட்டதாய்ப் பதறி, ஆர்மோனியத்தை அழுத்தினார். உயிர்ப்புப் பாடல் கூரையை முட்டியது.

“சுவாமி, அந்தச் சட்டை…” என்றாள் மாக்ரெட்.

பிறிஜெற் ஒருத்திக்கே அது கேட்டது. அவள் மாக்ரெட்டின் முழங்கையைப் பற்றினாள். மறுபுறம் நின்ற பெண்ணோ, அக்காவுக்குப் பாட்டு மறந்துவிட்டதென்று எண்ணி, தன் பாட்டுப்புத்தகத்தைப் பிரித்து, முதல் அடியில் விரலை வைத்துக் காட்டி, அவள் கையில் கொடுத்தாள்.