பின்னால் உட்கார்ந்திருந்தவர்

ஐஸ்பெட்டிக் கண்ணாடியில் கோத்திருந்த ஈரத்தைப் பாஞ்சாலை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது, உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. இறங்கியவர்களைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. வந்துட்டானுங்களா மகராசனுங்க!

முதலில் இறங்கியவன் ராஜ்கமல். அறுபத்துமூன்று வயசு. தலைக்கு டை, காதில் கடுக்கன், சாவு வீட்டுக்கு இறுக்கிப் பிடித்த ஜீன்ஸ். 'கரிப்பு' என்ற ராக் பேண்டின் பாடகன். பின்னால் தொப்பையைத் தூக்கிக்கொண்டு கிட்டார்காரன் கௌதம். ஒரு காலத்தில் ஆரோவில்லில் தொடங்கி பெங்களூர் வரைக்கும் மேடை ஏறிய கூட்டம். அதன் டிரம்மர்தான் இப்போது பெட்டிக்குள் கிடக்கும் காசிலிங்கம், பாஞ்சாலையின் புருஷன். பேண்டு கலைந்ததும் அவர் உப்பு வாரப் போனார், இவர்கள் சென்னைக்குப் போனார்கள். இருபது வருஷத்தில் ஒரு எட்டு வந்து பார்த்ததில்லை.

இப்போது மறுபடி சேர்ந்து ஆறு ஊருக்கு டூர் போகிறார்களாம். போன மாசம் மகள் போனில் போஸ்டரைக் காட்டினாள். காசிலிங்கத்தின் இடத்தில் ஷாலினி என்று யாரோ ஒரு பொண்ணு. அவரோ நெஞ்சில் நீர் கோத்துப் படுத்த படுக்கை. டூர் என்று கேள்விப்பட்டதிலிருந்து கட்டில் சட்டத்தில் குச்சியால் தட்டிக்கொண்டு, "கூப்புடுவானுங்க, பாரு" என்று நாளுக்கு நாலு தரம் சொல்லுவார். பாஞ்சாலைக்குப் போஸ்டரைக் காட்ட மனசு வரவில்லை.

"ராஜ்கமல் அண்ணன் போன் பண்ணாரு. ஒங்களுக்கோசரம் தேதிய தள்ளி வெச்சிருக்காங்களாம்" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

"அப்டியா?" என்று சிரித்தார். அன்றைக்கு ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டார். நேற்றுவரைக்கும் கட்டிலில் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ராஜ்கமல் மாலையைப் போட்டான். கௌதம் போனைத் தூக்கிப் பிடித்த பிறகுதான் அழுகை வந்தது. "டேய் காசி, எங்கள விட்டுட்டுப் போய்ட்டியேடா!" போன் இறங்கியது, அழுகையும் நின்றது. த்தூ!

"தங்கச்சி, காசியோட டிரம்ஸ் இருக்குதில்ல? அத்த இப்டி பக்கத்துல போடு. நம்ம ஷாலினி ஒரு பாட்டு வாசிக்கட்டும். கடைசி மரியாத. வீடியோ எடுத்து டூர்ல காட்டலாம்."

ஆள் வாசலைத் தாண்டுமுன்னே அவர் ஸ்டூலில் இன்னொருத்தியா? பாஞ்சாலைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பங்காளிகள் எல்லாம் கூடியிருக்கிற இடம், பல்லைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் இரண்டு பேரும் உள்ளேபோய் டிரம்ஸைத் தூக்கிவந்து பந்தலில் பரப்ப ஆரம்பித்தார்கள். ஒன்றுவிடாமல் பக்கம் மாற்றி வைத்தார்கள். பதினாலு வருஷம் இவனுங்களுக்குப் பின்னாடி உட்கார்ந்து அடித்தாரே மனுஷன்!

வேன் பக்கத்திலேயே நின்றிருந்த பெண் கிட்டே வந்தாள்.

"அண்ணே, தப்பா வெக்கிறீங்க. அவருக்கு எடது கை. மிதிச்சா மூடுற ஜோடித் தட்டு வலது பக்கம் வரணும்."

"காசிக்கா? எடது கையா? எவன் சொன்னான்?" என்றான் ராஜ்கமல்.

"அவருதான்."

பாஞ்சாலை அப்போதுதான் ஷாலினியின் முகத்தைப் பார்த்தாள். "அவரா? எப்போ?"

"போன மாசம் போஸ்டரப் பாத்துட்டு போன் பண்ணாரு, அக்கா. 'எல்லாம் எடது கைக்குப் போட்ட அடி, ஒனக்கு ஏத்த மாதிரி மாத்திக்க'ன்னாரு. ராஜ்கமல் சார் மூணாவது பாட்டுல தாளத்த உட்டுட்டு ஓடுவாராம், இழுத்துப் புடிக்கச் சொன்னாரு." குரல் இறங்கியது. "'நான் பேசுனத எங்க ஊட்ல சொல்லிடாத, டூருக்கு நான்தான் போறேன்னு அவ சொல்லி வெச்சிருக்கா, பாவம்'னாரு."

பாஞ்சாலை பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் மறுபடியும் ஈரம் கோத்திருந்தது.

"சரி சரி, உக்காரும்மா, வெயில் ஏறுது" என்றான் கௌதம்.

"நான் உக்கார மாட்டேன்" என்றாள் ஷாலினி.

பாஞ்சாலை எழுந்தாள். ஜோடித் தட்டைத் தூக்கி வலது பக்கம் வைத்தாள். தரையில் நிற்கிற பெரிய டிரம்மை இடது பக்கம் நகர்த்தினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அழுத்தமாக அதில் உட்கார்ந்தாள்.

"சரி, தங்கச்சி அப்டியே பின்னாடி இருக்கட்டும்" என்றான் ராஜ்கமல். முடியைக் கோதிவிட்டுக்கொண்டு, கௌதம் தோளில் கைபோட்டு, போனை முன்னால் நீட்டிப் பிடித்தான்.

பதினாலு வருஷம் அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தபோது, அவளுக்கு இரண்டு முதுகுகள் தெரிந்தன.