மூன்றும் நான்கும்

1
இது கதையாகத் தொடங்கவில்லை. கிண்ணியா பஸ்ஸில் என்னோடு வருகிற சுஹைரா, வேலைத்தலத்துக்கு ஓர் அறிக்கை எழுதித் தரச் சொன்னாள். "நீங்க கதை எழுதுற ஆள்தானே அக்கா." எழுத முடியாமல்போன அந்த அறிக்கைதான் இது.

சுஹைரா துறைமுகக் கரையிலுள்ள மாட்டுத்தீவனத் தொழிற்சாலையில் திரை பார்ப்பவள். எந்த இயந்திரம் ஓடுகிறது, எது சூடாகிறது என்பதெல்லாம் அவள் முன்னால் நிறங்களாகத் தெரியும்.

2
முதல் தொடக்கம்: அன்று காலை திரை சிவந்தபோது சுஹைராவின் நெஞ்சு

(வெட்டிவிட்டேன். அவள் நெஞ்சைப் பற்றி எனக்கென்ன தெரியும்?)

தெரிந்தது இவ்வளவு. சோளத்தை மேலே தூக்கும் பட்டியின் மூன்றாம் பெயாரிங் கொதிக்கிறது என்றது திரை. (பெயாரிங் என்றால் சுழலும் தண்டைத் தாங்கும் வளையம். நானும் அவளிடம்தான் அறிந்தேன்.) இயந்திரங்களைப் பூட்டித் திருத்தும் பிற்றர் அருளம்பலம் ஏறிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: "மூண்டில கை வைச்சுப் பார்த்தனான். குளிர்ந்து கிடக்கு. ஓட விடுங்கோ பிள்ளை."

அந்த வாரம் திரை இரண்டு தரம் பொய் சொல்லியிருந்தது. அவருக்கோ முப்பது வருட அனுபவம். ஆனாலும் அவள் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

3
(இங்கே அருளம்பலத்தை அலட்சியக்காரராக எழுதியிருந்தேன். அடுத்து நடந்தது அதைக் கெடுத்துவிட்டது.)

மனம் கேளாமல் அவர் பக்கத்து நான்காம் பெயாரிங்கையும் தொட்டார். உள்ளங்கை வெந்துபோனது. சோளத்தூசி நிறைந்த இடம்; இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் தீப்பிடித்திருக்கும், மேலே நின்றவர் அவர்.

இரண்டு பெயாரிங்குகளின் சூட்டையும் திரைக்குச் சொல்லும் சென்சர் கம்பிகள் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. திரை சொன்னது பிழையில்லை, அவர் சொன்னதும் பிழையில்லை. இரண்டும் பிழை என்றும் எழுதலாம்.

4
போன மாதம் அந்தக் கம்பிகளைப் பூட்டியபோது, திரையைப் பார்த்து எது மூன்று, எது நான்கு என்று சொன்னவள் சுஹைரா. கேட்டுப் பூட்டியவர் அருளம்பலம். பிழை யாருடையது என்று நிர்வாகம் எழுதிக் கேட்டது. ஒருவருக்கு வேலை போகும்.

"ஞாபகம் இல்லக்கா. சரியாச் சொன்ன மாதிரியும் இருக்கு, மாறிச் சொன்ன மாதிரியும் இருக்கு."

முடிவு ஒன்று: அவர். முடிவு இரண்டு: அவள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்தின.

5
நான் இழுத்தடிக்க, அவளே அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டாள்: நான்தான் மாறிச் சொன்னேன். அதே காலை அருளம்பலமும், கட்டுப்போட்ட கையால், ஒன்று கொடுத்திருக்கிறார்: பிள்ளை சரியாகத்தான் சொன்னது, மாறிப் பூட்டியது நான்.

இருவரும் பேசிவைக்கவில்லை. அவருக்கும் அந்த நாள் ஞாபகமில்லையாம்.

முகாமையாளர் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை அவர் கதிரையில் நீங்கள் இருங்கள். ஒன்று உண்மையென்றால் மற்றது பொய். எதைக் கிழிப்பீர்கள்?