வெறும் தட்டு திரும்பாது

அரிசி மூட்டையை நகர்த்தியபோதுதான் ஆரோக்கியமேரி அதைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி, நான்கு காலும் மேலே பார்க்கக் கிடந்தது எலி. பூனை கடித்த எலியில்லை, பொறியில் மாட்டிய எலியுமில்லை. தானாகச் செத்த எலி. 1911ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துச் சிகந்தராபாத்தில் தானாகச் செத்த எலிக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பிளேக்.

இரண்டு மாதமாகத் தண்டோராக்காரன் லாலாகுடா ரயில்வே லைன் வீடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எலி விழுந்தால் தொடாதே, உடனே வந்து சொல், மறைத்தால் குற்றம் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போகிறான். சொன்னால் என்ன ஆகும் என்பதையும் லைன் பார்த்திருந்தது. கடைசி வீட்டு வரதராஜன் நல்ல பிள்ளையாக ஓடிப்போய்ச் சொன்னான். மறுநாளே அவன் வீட்டுக் கூரையில் ஓட்டைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டார்கள். எலித் தெள்ளு ஒட்டியிருக்கும் என்று துணிமணியை வாசலில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். குடும்பத்தை மைதானத்துத் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வரதராஜனுக்கு எலியாலேயே வளை போயிற்று என்று லைனில் சிரித்தார்கள். ஆரோக்கியமேரியும் சிரித்தவள்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. விடிந்தால் கிறிஸ்மஸ். அடுப்பில் அதிரசத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. புருஷன் தேவராஜ் கோவிலில் குடில் கட்டப் போயிருந்தான். பட்டறையில் ஃபிட்டர் வேலை. கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் சாயங்காலமானால் சேந்தி என்கிற ஈச்சங்கள்ளுக் கடையைத் தேடும். அந்த மனுஷன் கிறிஸ்மஸுக்கு முந்தைய நோன்பு வாரங்களான திருவருகைக் காலம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை முதல் சேந்தியைத் தொடவில்லை. "புது வருஷப் பூசையில பீடத்துக்கு முன்னால வாக்குக் குடுத்துடறேன் மேரி. இந்த வருஷம் உனக்கு நான் குடுக்கற பரிசு அதுதான்" என்று சொல்லியிருந்தான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இருபத்தொரு விடியல் விடிந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் வீட்டில் ராச்சோறு சூடாகச் சாப்பிடப்பட்டது.

மைதானத்துக் கொட்டகைக்கு நேர் எதிரே சேந்திக் கடை. வேலைக்கும் போகவிடாமல் இருபது நாள் அங்கே உட்கார வைத்தால் அவன் என்ன செய்வான் என்று கேட்கத் தேவையில்லை. வரதராஜன் என்ன செய்தான் என்று பார்த்தால் போதும். அவனுக்கு அதற்கு முன்னால் அந்தப் பழக்கமே கிடையாது.

அவள் அடுப்பிலிருந்து இடுக்கியை எடுத்தாள். எலியைக் கொல்லைச் சாம்பல் மேட்டில் குழி பறித்துப் புதைத்தாள். தரையைச் சாணம் கரைத்து மெழுகினாள். கை கழுவிவிட்டுத் திரும்பியபோதுதான் மூட்டைமேல் இருந்த துணிப்பொட்டலம் கண்ணில் பட்டது.

பக்கத்து வீட்டுப் பாமாவுக்கு வாங்கிய சிவப்புப் பாவாடை அது. பாமாவின் அம்மா கனகமும் அப்பா பெருமாளும் சேலத்துக்காரர்கள். தீபாவளிக்குக் கனகம் பலகாரத் தட்டோடு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்திருந்தாள். பதில் செய்யாமல் இருக்க முடியுமா? அதோடு ஐந்து வயதுப் பாமா ஒரு மாதமாக, "பெரீம்மா, எனக்குச் சிவப்பு, சிவப்பு" என்று காலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வரதராஜன் வீட்டுத் துணியை ஏன் கொளுத்தினார்கள் என்ற கேள்வி ஆரோக்கியமேரியின் மனத்தில் எழத்தான் செய்தது. அது முழுசாக எழுவதற்குள் அவள் பாவாடையை நாலு உதறு உதறி வெயிலில் காயப்போட்டாள். ஒரு மணி நேர வெயிலுக்குத் தப்பி எது நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதிரசம் தட்ட உட்கார்ந்தாள்.

கிறிஸ்மஸ் அன்று தட்டுப் போயிற்று. அதிரசம், முறுக்கு, வாழைப்பழம், மேலே மடித்த பாவாடை. பாமா அப்போதே கட்டிக்கொண்டு வாசலில் சுற்றினாள். கனகம் கழற்றச் சொன்னதற்கு "நக்கோ, நக்கோ" என்று, வேண்டாமென்பதற்குத் தெருப் பிள்ளைகளிடம் படித்த பாஷையில் கத்திக்கொண்டு ஓடினாள். தேவராஜ் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில் சேந்தி வாடை இல்லை. ஆரோக்கியமேரி அன்று நிம்மதியாக இருந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

அதன்பிறகு தட்டு திரும்பவில்லை.

லைனில் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பும் வழக்கமில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். கனகம் எப்போதும் இரண்டாம் நாளே கொண்டுவந்துவிடுவாள். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? ஆரோக்கியமேரிக்கு மடி முழுக்கக் கனம். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் கையிலிருந்த வேலை நின்றது. குழாயடியில் கனகத்தைப் பார்த்தபோது தட்டைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. பாமா குதித்துக்கொண்டு போவதைப் பார்த்த நாளெல்லாம் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். சனிக்கிழமை வரைக்கும் ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை புது வருஷம். பூசை முடிந்து தேவராஜ் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு வாக்குக் கொடுத்தான். எழுந்து வந்தபோது கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தான்.

"நான் விட்டாச்சு. நீ எதை விடப் போற இந்த வருஷம்?"

"எங்கிட்ட விடறதுக்கு என்ன இருக்கு" என்றாள். சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

அப்போதுதான் கனகம் தட்டோடு வந்தாள். தலை வாரவில்லை. புது வருஷத்துக்கு ஏதாவது இனிப்புச் செய்து வைத்துத் தர வேண்டுமென்று நிறுத்தி வைத்திருந்தாளாம், செய்ய முடியவில்லையாம். தட்டில் சர்க்கரை மட்டும் இருந்தது.

"பாமாவுக்கு நேத்து காலையிலருந்து காய்ச்சல்க்கா. தொடையிடுக்குல நெறி கட்டியிருக்கு. கால்ல முள்ளு குத்திச்சு, அதுக்குக் கட்டுனதுதான்னு அவரு சொல்றாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. வேற மாதிரின்னா இப்பவே ஆசுபத்திரி கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போவணுமாம், நேரம் போச்சுன்னா புள்ள தங்காதாம். சும்மா நெறின்னா அங்க கொண்டுபோயி அந்தச் சீக்காளிங்க நடுவுல போடறது பாவமில்லியா?" கனகம் மூச்சு வாங்கினாள். "நம்ம பக்கத்துல எங்கியாச்சும் எலி விழுந்துச்சாக்கா?"

ஆரோக்கியமேரி வாயைத் திறப்பதற்குள் தேவராஜ் சொல்லிவிட்டான். "எங்க வீட்டுல ஒண்ணுமில்லம்மா. விழுந்திருந்தா மேரி சும்மா இருப்பாளா? பயப்படாத, பத்துப் போடு, வத்திடும்." உண்மை பேசுகிற மனுஷனின் முகத்தோடுதான் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கனகத்தின் தோள் இறங்கியது. "நீங்க சொன்னப்புறம்தான்ணா உசிரு வந்துச்சு" என்று தட்டை ஆரோக்கியமேரியின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

தட்டு கனத்தது. தேவராஜ் நிம்மதியாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இப்போது சொன்னால் கூரை பிரிப்பார்கள், துணி எரியும், கொட்டகை, எதிரே கடை. காலையில் கொடுத்த வாக்கு சாயங்காலம் வரை நிற்குமா? சொல்லாவிட்டால் பத்துப் போடுவார்கள். சர்க்கரையைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு தட்டோடு வெளியே இறங்கினாள். "எங்கடி போற?" என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பினால் போக மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கனகம் அம்மியில் எதையோ அரைக்க உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியமேரியையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கனகம், கிறிஸ்மஸுக்கு முந்தின நாளு..." என்று ஆரம்பித்தாள்.

"அந்தப் பாவாடைய வெயில்ல போட்டிருந்தீங்களே, அன்னிக்கா?" கனகம் களைப்போடு சிரித்தாள். "எட்டிப் பார்த்துட்டு வந்து என்ன குதி குதிச்சா தெரியுமாக்கா. இன்னும் கையிலருந்து வாங்க விட மாட்டேங்குறா, பாருங்க."

மூலையில் பாயில் பாமா கண்ணை மூடிக் கிடந்தாள். பாவாடையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, ஓரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். சிவப்புத் துணி வேகம் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.