அத்தைக்கு ஒரு ஓட்டு

…தோற்றால்தான் என்ன, குடியா முழுகிப்போகும், ஊரில் இதுவரை யாருமே தோற்றதில்லையா, போன தடவை, இப்போது இவளை எதிர்த்து நிற்கும் பிரேமலதாவின் மாமனார் தோற்றார், மறுநாள் விடிந்ததும் எப்போதும்போல எருமையை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார், சோறு இறங்காமலா கிடந்தார்… பத்மினி ஓரடி நகர்ந்தாள். பெண்கள் வரிசை பள்ளிக்கூட வராந்தாவில் தொடங்கி, பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்கும் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, கேட்டு வரைக்கும் நின்றது. முன்னால் நிற்பவர்கள் வழிவிடுகிறேன் என்கிறார்கள், நீ போ பத்மினி, சர்பஞ்சுக்கு நிக்கிறவ நீ, ஒனக்கு ஆயிரம் வேலை கீது என்கிறார்கள், இவள்தான் இருக்கட்டும் இருக்கட்டும் என்று புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நிற்கிறாள். மரியாதை தெரிந்தவள் என்று நினைத்துக்கொள்ளட்டும். உள்ளே போகவே காலைப் பின்னுக்கு இழுக்கிறது என்பதை யாரிடம் சொல்வது? கார்வேட்டிநகரம் வேணுகோபாலசாமியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். புருஷன் பக்கத்தில் நின்று கண்ணை மூடி ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, இவள் கண்ணைத் திறந்துகொண்டே, சாமி, என்னைத் தோற்கடித்துவிடு, ஒரே ஒரு தடவை தோற்கடித்துவிடு என்று கேட்டாள். இப்படி ஒரு வேண்டுதலைக் கேட்டு அந்தச் சாமிக்கே சிரிப்பு வந்திருக்கும். ஜெயித்தால் இன்னும் ஐந்து வருஷம்… அதற்குள் அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது தாண்டிவிடும், அப்புறம் கூட்டிக்கொண்டு வந்து என்ன, ஊறுகாய் போடுவதா?

ரேஷ்மா. அந்தப் பெயர்கூட இவள் வைத்ததில்லை, நாத்தனார் மணியம்மா வைத்தது. ஹரிபாபுவும் வெங்கட்டும் பிறந்து, இனிப் போதும் என்று இருந்தபோது வயிற்றில் தங்கியது மூன்றாவது. சரி, பெண்ணாக இருந்தால் நல்லது, தலை வாரிப் பின்னிவிட ஒன்று வேண்டாமா என்று இவள் ஆசைப்பட்டாள், அந்த நேரம் பார்த்துத்தான் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர்கள் நிற்கக் கூடாது என்று சட்டம். யார் போட்ட சட்டம்? ஹைதராபாத்தில் சட்டசபையில் உட்கார்ந்திருப்பவர்கள் போட்டது, அவர்களுக்கு அது கிடையாதாம், அவர்கள் எத்தனை வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம், காலனிக் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மனுப் போடுகிறவளுக்கு மட்டும் இரண்டோடு நிறுத்தல். கலைத்துவிடலாம் என்றான் புருஷன் முனிகிருஷ்ணன். மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அப்போது மணியம்மாதான் வந்தாள், கல்யாணமாகி எத்தனையோ வருஷம் வயிறு திறக்காதவள், அண்ணி, என்கிட்ட குடுத்துடு, நான் வச்சிக்கிறேன், தேர்தல் முடிஞ்சி அஞ்சு வருஷம் கயிச்சி நீயே இட்டுகினு போ என்றாள். வயிறு தெரிவதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் மணியம்மா வீட்டுக்குப் போனாள், அங்கேயே பிரசவம், மணியம்மா பிள்ளை என்று ஊருக்குச் சொன்னது. இவள் பால் கட்டிய மார்போடு பஸ் ஏறி வந்து, வார்டு மெம்பருக்கு ஓட்டுக் கேட்டாள். ரவிக்கை நனைந்துவிடும் என்று துண்டைப் போர்த்திக்கொண்டு கும்பிட்டதை, அடக்கமான பொம்பள என்று புகழ்ந்தார்கள். ஜெயித்தாள். எவ்வளவு சந்தோஷமாகப் பட்டாசு வெடித்தார்கள். அன்றைக்கு அழுததைக்கூட ஆனந்தக் கண்ணீர் என்றுதான் எழுதிக்கொண்டது ஊர்.

ஐந்து வருஷம் முடிந்தது, கூட்டி வந்துவிடலாம் என்றிருந்தபோது, ஊர்த் தலைவரான சர்பஞ்சு பதவியே நம் காலனிப் பெண்களுக்கு ஒதுக்கீடு என்று வந்துவிட்டது. வந்தார் கங்கையா, மண்டலக் கட்சித் தலைவர், வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் ஒரு செல்போன், கையில் ஒரு செல்போன். முனிகிருஷ்ணன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை… அவன் நைனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெருவில், கூலிக் களி துன்னு வளர்ந்தவனின் பெண்டாட்டி ஜீப்பில் நின்றுகொண்டு போனால் எப்படி இருக்கும் அவனுக்கு? இவளுக்கும்தான் எப்படி இருந்தது? பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது. வார்டு மெம்பராகக் காலனிக்குக் குழாய் கொண்டுவந்தவள் இவள், மண்டல ஆபீசில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். ஆனால் பிள்ளை? கங்கையாவுக்கு விஷயம் தெரியும், அவர் தெலுங்கில் தேன் ஒழுகச் சொன்னார், ஈ சமாவேசால்லோனே தீசேஸ்தாரம்மா, இந்தக் கூட்டத்திலேயே அந்தச் சட்டத்தை எடுத்துவிடுவார்கள் என்று. நம் எம்.எல்.ஏ.விடம் தானே சொல்லியிருப்பதாகவும், அவர் எழுந்து பேசப்போவதாகவும் சொன்னார். அன்றிலிருந்து சட்டசபை கூடும் நாளெல்லாம் நாகபூஷணம் டீக்கடை டிவியின் முன்னால் இவள் கருவேப்பிலை வாங்கும் சாக்கில் நின்றாள். டீக்கடையில் யாராவது கருவேப்பிலை விற்பார்களா, அதைக்கூட யாரும் கேட்கவில்லை. டிவியில் இலவசக் கரண்ட் என்றார்கள், எத்தனை மணி நேரம் கொடுக்கிறீர்கள் என்று எதிர்க்கட்சி எழுந்தது, பெரிய கம்பெனிகளுக்கு நிலம் என்றார்கள், ஏழைகள் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்று காகிதத்தைக் கிழித்து வீசினார்கள், சபாநாயகர் கையை ஆட்டி ஆட்டி உட்காருங்கள் உட்காருங்கள் என்றார், ஒத்திவைத்தார். இவர்கள் எம்.எல்.ஏ. பின்வரிசையில் தெரிந்தார், ஒருநாள் எழுந்துகூட நின்றார், இவள் டிவிக்குப் பக்கமாக ஓரடி முன்னால் போனாள், அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பேச்சு வரவே இல்லை. கூட்டத்தொடரும் முடிந்துபோயிற்று, இவள் மனுவைத் திரும்ப வாங்கும் நாளும் முடிந்துபோயிற்று. இன்னாங்க, இப்ப இன்னா பண்றது என்று முனிகிருஷ்ணனைக் கேட்டாள். தோத்துட்டா இட்டாந்துடலாம், கெலிச்சிட்டா கொஞ்ச நாளு பாக்கலாம் என்றான், ஏதோ மாட்டுச் சந்தைப் பேச்சு மாதிரி.

“அதோ பாரு, உன் நாத்தனாரு.” பின்னால் நின்ற ரத்னம்மா இவள் முதுகைத் தட்டினாள். கேட்டுக்கு வெளியே பந்தலடியில் மணியம்மா வந்து நின்றாள், அவள் கையைப் பிடித்தபடி ரேஷ்மா. மஞ்சள் பாவாடை, இரட்டைச் சடை, சடை நேராக வகிடெடுத்துப் பின்னப்பட்டிருந்தது, யார் பின்னியது என்று கேட்கவா வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிப் பையன்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் அப்போதுதான் நின்றது, ஓட்டுப் போட லீவு கொடுத்திருக்கிறார்கள், ஒருவன் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினான், பிள்ளை அவன் கையைத் தட்டிவிட்டது. தட்டுகிற விதம் வெங்கட் மாதிரியே… யாருக்கும் தெரியவில்லையா, இந்த மூக்கு, இந்த நெற்றி? “மணியம்மா பொண்ணு இன்னா லட்சணமா வளந்துகினு வருது பாரேன்,” என்றாள் ரத்னம்மா. “நீ கொடுத்து வச்சவடி பத்மினி. மூத்தவனுக்கு வெளியில பொண்ணு தேட வேணாம். ஹரிபாபுக்கு அத்த பொண்ணு, மொறப்பொண்ணு, இப்பவே நாத்தனாருக்கு ஒரு வாக்கு குடுத்து வையி. அப்பறம் எவனாவது கொத்திகினு பூடுவான்.” வரிசையே சிரித்தது. முன்னால் நின்றவள் திரும்பி, அந்தப் பையன் இப்பவே வெக்கப்படறான், நேத்து நான் கேட்டேன், இன்னாடா ஒன் பொண்டாட்டி வந்துக்கிறாளேன்னு, ஓடிப் பூட்டான் என்றாள்.

பத்மினியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். வாய்தான் சிரித்தது, இந்த ஐந்து வருஷத்தில் எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லையே… மணியம்மா பிள்ளை என்றால் அத்தை பிள்ளை, அத்தை பிள்ளை என்றால் முறை, இது ஊருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா, என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது? மறைக்கத் தெரிந்த எங்களுக்கு முறை தெரியாமல் போனதா? அண்ணனும் தங்கையும். இன்னும் ஐந்து வருஷம் இதையே சொல்லிச் சொல்லி, அந்தப் பையனே நம்பி, அந்தப் பெண்ணே வெட்கப்பட ஆரம்பித்து… சீ. போதும். சர்பஞ்சும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். நாற்காலியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என் பிள்ளையை என் பிள்ளை என்று நாளைக்கே தெருவில் நின்று சொல்கிறேன், யார் என்ன செய்துவிடுவார்கள் பார்க்கலாம். கால் இப்போது தானாக முன்னால் போயிற்று. வழிவிடுங்க, நான் முன்ன போறேன் என்றாள், வழிவிட்டார்கள்.

உள்ளே பெஞ்சில் ஏஜெண்டாக முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான், புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல். இவளைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டான். சித்தூரிலிருந்து வந்திருந்த டீச்சரம்மா விரலில் மை வைத்து, சீட்டுகளையும் முத்திரையையும் கொடுத்தாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றாள். யாரும் இல்லை. இந்த ஐந்து வருஷத்தில் பக்கத்தில் யாருமே நிற்காத இடம் இது ஒன்றுதான் என்று தோன்றியது, கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார்ந்துகொண்டால் என்ன… மேலே இவளுடைய மோதிரம், கீழே பிரேமலதாவின் கத்தரிக்கோல். ஊரெல்லாம் மோதிரம் மோதிரம் என்று தொண்டை வறளக் கேட்ட மோதிரம். கடைசியில் முனிகிருஷ்ணனின் நிமிர்ந்த முதுகு ஞாபகம் வந்தது, அவன் நைனாவின் கையில் இருந்த செருப்பு ஞாபகம் வந்தது, மன்னிச்சிடுய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கத்தரிக்கோல் மேல் அழுத்திக் குத்தினாள். மை ஒற்றிக்கொள்ளாமல் பார்த்து மடித்தாள். பெட்டியில் போட்டபோது முனிகிருஷ்ணன் தலையை ஆட்டிப் புன்னகைத்தான், இவளும் ஆட்டினாள்.

வெளியே வந்தால் உடம்பே லேசாக இருந்தது, காய்ச்சல் விட்டமாதிரி. ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது, தெரியும், ஆனாலும் தன் பங்குக்குச் செய்தாகிவிட்டது. பந்தலடிக்குப் போனாள். மணியம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள், தொண்டை கட்டிப்போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. “நீ கவலப்படாத அண்ணி. அல்லாரையும் கேட்டுட்டேன். கங்கையா ஆளுங்க போவாத சந்துக்குக்கூட நான் போயி கால்ல உயுந்து கேட்டுக்கிறேன். நீ கெலிச்சிடுவ.” தனக்கு ஓட்டே இல்லாத ஊரில் ஓட்டுக் கேட்டுத் தேய்ந்திருக்கிறாள். பத்மினி அவளைப் பார்த்தாள். நாத்தனார் பாசம் என்றல்லவா இத்தனை நாள் ஊரிடம் பெருமையடித்துக்கொண்டேன்… மணியம்மாவின் ஒரு கை இவள் கையைப் பிடித்திருந்தது, இன்னொரு கை பிள்ளையின் மணிக்கட்டை விடவே இல்லை. நாளைக்கே போய்ச் சொல்கிறேன் என்றேனே, யாரிடம் சொல்வது, முதலில் இவளிடம் அல்லவா சொல்ல வேண்டும்?

“அத்தே,” என்றது பிள்ளை. கீழே குனிந்து அதன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். அதன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டிருந்தது, எதற்கென்று தெரியவில்லை. “நீ கெலிச்சிடுவ இல்ல அத்தே?”

“ஏன் கண்ணு கேக்கற?”

“நீ தோத்துட்டா நான் இங்கியே இருக்கணுமாமே. எங்கம்மா ராத்திரி அழுதுகினே சொல்லிச்சி. நான் சாமிகிட்ட வேண்டிக்கினேன், நீ கெலிக்கணும்னு.”

மணியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்தலில் யாரோ தண்ணீர் மொண்டு குடிக்கும் சத்தம் கேட்டது. பத்மினி பிள்ளையின் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், விரலில் மை ஈரமாக இருந்ததால் வேறு விரலால் துடைத்தாள். எங்கம்மா, என்கிறது. அப்படித்தானே சொல்லும், வேறு எப்படிச் சொல்லும்… ஜெயிக்க வேண்டும் என்று இந்த ஊரிலேயே எனக்காக மனசார வேண்டிக்கொண்டது இது ஒன்றுதான்.

“கெலிச்சிடுவேன்டி,” என்றாள். “அத்த கெலிச்சிடுவேன், நீ அழாத.”

பிள்ளை உடனே சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் பத்மினி, பார்க்கப் பார்க்க, உள்ளே மடித்துப் போட்ட அந்த ஒரு சீட்டைக் கையை விட்டு எடுத்துவிட முடியாதா என்று முதல் தடவையாக இருந்தது அவளுக்கு.