நாற்பத்தோரு சட்டைகள்

ஜார்ஜியாவில் டாலிஸ் என்ற ஊரில், 1916ஆம் வருஷம் ஒரு புதன்கிழமை காலை, நாற்பத்தோரு வெள்ளைக்கார ஆண்களை அவரவர் வீட்டு நாய்களே உள்ளே விடவில்லை. நாய் கிடக்கட்டும், மனைவிமாரும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "யாருங்க நீங்க? யாரைப் பார்க்கணும்?" என்றார்கள். அன்று பருத்தி நல்ல விலைக்குப் போனது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை பட்டப்பகலில், இந்த நாற்பத்தோரு பேரும் வண்டியோட்டி லோன்சோ கெயின்ஸை நீதிமன்றத்து ஓக் மரத்தில் தூக்கிலிட்டு எரித்திருந்தார்கள். தன் கோவேறு கழுதையை விற்க மாட்டேன் என்று சொன்ன கறுப்பன், அவ்வளவுதான் குற்றம். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிவந்து வேடிக்கை காட்டினார்கள், பாவிகள்! திங்கட்கிழமை விடிந்ததும், பழக்க தோஷத்தில், புகையேறிய சட்டைகளை வெளுக்கப் போட்டார்கள். ஊருக்கெல்லாம் துணி வெளுத்தவள் லோன்சோவின் மனைவி வஷ்தி. யார் துணி என்று தெரிய ஒவ்வொரு காலருக்குள்ளும் நூலால் அடையாளம் தைத்தவளும் அவள்தான். அவள் ஒன்றையும் நனைக்கவில்லை. முகர்ந்து பார்த்தாள், நெஞ்சு வெடிக்க அழுதாள், எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் மரண விசாரணையில் நாற்பத்தோரு பெயரையும் சொன்னாள். விசாரித்தவர்கள் சிரித்துவிட்டு, 'அறியப்படாத நபர்களால் கொல்லப்பட்டான்' என்று நீதிமன்றப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். புதன்கிழமை விடிந்ததும் எழுதியது அப்படியே பலித்தது.

ஊரில் அந்த நாற்பத்தோரு பேரை அடையாளம் தெரிந்தவள் வஷ்தி ஒருத்திதான். ஒவ்வொருவராக அவள் வாசலுக்கு வந்தார்கள். முதலில் வந்தவன் மருந்துக்கடை ஹேஸ்கல் ரோன்.

"ஏ வஷ்தி, நான் யாருன்னு என் பெண்டாட்டிகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

"நான் எதுக்குங்க? கோர்ட்டுப் படியில ஏறி, லோன்சோவ என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. அதை அந்தப் புத்தகத்துல எழுதட்டும். எனக்கு அது போதும்."

"அது மட்டும் முடியாது."

"அப்ப போயிட்டு வாங்க, யாரோ ஐயா."

சிலர் ரயிலேறிப் போனார்கள். ஒருவன் தன் மனைவியையே மறுபடி பெண் கேட்டு, முகத்தில் அடித்தாற்போல் பதில் வாங்கினான். அவர்களில் செத்தவர்களைப் பெயரில்லாத கல்லுக்கடியில் புதைத்தார்கள். வஷ்தி ஓயவில்லை. வடக்கத்திப் பத்திரிகைகளுக்கு மாதாமாதம் எழுதினாள், வாஷிங்டன் ஊர்வலத்தில் கால் வீங்க நடந்தாள். இப்படிக் கும்பல் கூடிக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் ஒவ்வொரு முறையும் அங்கே தோற்றது. அவள் அனுப்பிய பெயர்ப் பட்டியல் அச்சில் வந்தபோது, அப்படி யாருமே எங்கள் ஊரில் இல்லையே என்று டாலிஸ்காரர்கள் உண்மையாகவே வியந்தார்கள்.

இருபத்தொன்பது வருஷம் ஹேஸ்கல் தன் கடையையே கூலிக்குப் பெருக்கினான். மனைவி கோரின் இரக்கப்பட்டுப் பின்கட்டில் அவனுக்குச் சோறு போட்டாள். ஒரு திங்கட்கிழமை காலை அவன் நீதிமன்றப் படியேறினான்.

"லோன்சோ கெயின்ஸ் ஒரு தப்பும் செய்யல. கயித்த இழுத்ததுல நான் ஒருத்தன். என் பேரு ஹேஸ்கல் ரோன்."

எதிர்ச் சாரியிலிருந்து கோரின் கத்தினாள்: "ஹேஸ்கல்! தொப்பி இல்லாம வெயில்ல என்ன நிக்கிறீங்க?"

குமாஸ்தா பழைய புத்தகத்தைத் தேடியெடுத்து, அந்த வரிக்குக் கீழே ஒரு பெயரை எழுதினார். ஹேஸ்கலை யாரும் கைது செய்யவில்லை. டாலிஸில் அது அதிசயமில்லை.

படியருகில் நின்று கேட்ட வஷ்தி வீட்டுக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பரையில் தண்ணீர் காயவைத்தாள். பெட்டியைத் திறந்து காலர் பார்த்து ஒரு சட்டையை எடுத்து ஊறவைத்தாள். மீதி நாற்பதையும் மறுபடி பூட்டினாள்.